பச்சைப் புள்ளி யாருக்கு?

அத்தியாயம் 4

"ஆறு மணிக்குள்ள ஆள் சிக்கலேன்னா என்னை மேடை ஏத்த மாட்டாங்க, அக்கா. மாமா சத்தியமே பண்ணிட்டாரு."

சொல்லி முடித்த யமிலாவுக்கு மூச்சு வாங்கியது. கீழே பிட்சாக் கடை, மேலே இருபத்திரண்டு படி ஏறினால் துப்பறியும் அலுவலகம். பிப்ரவரிக் கோடை வெயில் கூரையைச் சுட்டது, கடை அடுப்பு தரையைச் சுட்டது. நடுவில் உட்கார்ந்திருந்த ஒந்தினா ஃபெரேய்ரோ, மோண்டெவிடியோவில் வெந்துகொண்டே வேலை பார்க்கும் ஒரே துப்பறியும் பெண்மணி.

மணி மூன்றரை.

உதவியாளன் வாஷிங்டன் சுரைக்குடுக்கையில் வெந்நீர் ஊற்றி மாத்தே பானத்தை யமிலாவிடம் நீட்டினான். அவள் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, பதற்றத்தில் "நன்றி" என்று திருப்பிக் கொடுத்தாள்.

"போச்சு. உன் முறை முடிஞ்சுது, பாப்பா" என்றான் வாஷிங்டன். "நன்றின்னா போதும்னு அர்த்தம். இது தெரியாம நீ எப்படி இந்த ஊர்ல பதினாறு வருஷம் தாக்குப்பிடிச்சே?"

"பயத்துல வாய் தவறிடுச்சு."

"வாஷிங்டன், வாயை மூடு" என்றாள் ஒந்தினா. "நீ சொல்லும்மா. அழாம சொல்லு. நீ அழுதா இவனும் அழுவான். ரெண்டு பேரையும் சமாதானப்படுத்த எனக்குத் தெம்பு இல்லை."

யமிலா சொன்னாள். அழவில்லை. விரல் நகங்கள் மட்டும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன.

லா தேஹா பேட்டையில் 'நனைந்த தீப்பெட்டி' என்று ஒரு மூர்கா குழு. மொத்தம் பதினேழு பேர். கார்னிவல் வந்தால் முகமெல்லாம் வண்ணம் பூசிக்கொண்டு மேடை ஏறி, மந்திரியில் தொடங்கி மளிகைக்கடைக்காரர்வரை எல்லோரையும் பாட்டிலேயே வறுத்தெடுப்பார்கள். முடிக்கும்போது ஒரு விடைபெறும் பாட்டு. அதுவரை சிரித்த கூட்டம் அந்த இடத்தில் அழுதே தீரவேண்டும். முதல் மேடைவரை அந்தப் பாட்டை வெளியே மூச்சு விடக் கூடாது என்பது குழுவின் சட்டம். பாட்டு எழுதுவது, முன்னால் நின்று கையசைத்து நடத்துவது எல்லாம் எவரிஸ்தோ. யமிலாவின் அம்மாவுக்கு அண்ணன். இருபத்திரண்டு வருடமாக அந்தக் குழுவுக்கு ராஜா, மந்திரி, நீதிபதி எல்லாம் அவர்தான்.

இன்று மாலை ஏழரைக்கு முதல் மேடை. யமிலாவுக்கு வாழ்க்கையிலேயே முதல் மேடை. உச்சக் குரலுக்கு அவளைத்தான் எடுத்திருந்தார்கள்.

எட்டு நாளைக்கு முன்னால், விடைபெறும் பாட்டின் முதல் மூன்று வரிகள் இணையத்தில் 'திருவிழா மன்றம்' என்ற இடத்தில் வெளிவந்துவிட்டன. ஊரில் உள்ள கார்னிவல் பைத்தியங்கள் அத்தனை பேரும் புனைபெயர் வைத்துக்கொண்டு சண்டை போடும் இடம் அது. மூன்று வரிகளையும் போட்ட ஆளின் பெயர் 'பார்வையாளர் 4471'. கீழே இன்றுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பதில்கள்.

"பாட்டைச் சுத்தமா டைப் அடிச்சுக் கொடுத்தது நான்" என்றாள் யமிலா. "மன்றத்தைப் பராமரிக்கிறதும் நான். அதான் எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. 'அதை வெளியே விட்டவன் என் ரத்தமா இருந்தாலும் இன்னைக்கு மேடை ஏற மாட்டான்'னு மாமா எங்க பாட்டி மேல சத்தியம் பண்ணிட்டாரு. ஆறு மணிக்கு முகத்துக்கு வெள்ளை பூசுவாங்க. அப்போ எனக்கு மட்டும் பூச மாட்டாங்க."

"நீ செஞ்சியா?"

"இல்லை!"

"சரி. பராமரிப்புன்னா என்ன பண்றே? பெருக்கித் துடைக்கிறியா?" இது வாஷிங்டன்.

"கிட்டத்தட்ட அதுதான். அங்க இருக்கிறவங்களுக்கு எந்தெந்த விவாதத்துல எழுதினோம்னே ஞாபகம் இருக்கிறதில்லை. ஒரே ஆளை ஒரே காரணத்துக்கு ரெண்டு தடவை திட்டறாங்க. ஒருத்தர் ஒரு குழுவை 'தங்கம்'னு எழுதிட்டு, மறந்துபோய் மறுநாள் அதே இடத்துல 'தகரம்'னு எழுதி, முந்தின நாள் எழுதினவனைப் போய் 'முட்டாள்'னு திட்டினாரு. அந்த முட்டாளும் அவரேதான்."

"நேர்மையான மனுஷன்" என்றான் வாஷிங்டன்.

"அதனால பச்சைப் புள்ளி வெச்சேன். நீங்க ஏற்கெனவே எழுதியிருக்கிற விவாதத்துக்குப் பக்கத்துல, உங்க போன்ல மட்டும், ஒரு சின்னப் பச்சைப் புள்ளி தெரியும். அங்க வேற யாராவது பதில் போட்டா போன் கத்தும்."

"எப்படிக் கத்தும்?"

"ஆடு மாதிரி."

ஒந்தினா வாயருகே கொண்டுபோன கடலைமாவு ஃபைனாத் துண்டு அப்படியே நின்றது. "ஏன் ஆடு?"

"மணிச் சத்தம் வெச்சேன், யாரும் கவனிக்கலை. ஆடு கத்தினா எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க."

"அந்த 4471 யாருன்னு உனக்குத் தெரியாதா?"

"பேர் கொடுக்காதவங்களுக்கு மன்றமே ஒரு நம்பர் ஒட்டிடும், அக்கா. அது யாரோட போன்னு தெரியாது. ஆனா நாங்க ஒத்திகை பார்க்கிற கிளப்போட இணையத்துல இருந்துதான் எழுதியிருக்காங்க. அது மட்டும் தெரியும். அந்த நேரத்துல ஒத்திகை. உள்ளே நாங்க பதினேழு பேர்தான்."

ஒந்தினா ஃபைனாவைக் கீழே வைத்தாள். அவள் சாப்பாட்டைக் கீழே வைத்தால் மூளை எழுந்து நின்றுவிட்டது என்று அர்த்தம்.

"அப்போ பதினேழு போன்ல ஒண்ணுல, அந்த விவாதத்துக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி உட்கார்ந்திருக்கு."

"எல்லாரையும் போனைக் காட்டச் சொன்னா என்ன, பாஸ்?"

"வாஷிங்டன், உன் போனைக் கொடு, பார்க்கலாம்."

"கழுத்தை அறுத்தாலும் தர மாட்டேன்."

"பார்த்தியா?"

அவள் கைப்பையை எடுத்தாள். "கார்னிவல் முடியறவரைக்கும் மன்றத்துல யாரும் ஒரு எழுத்து எழுதக் கூடாதுன்னு உங்க மாமா தடை போட்டிருப்பாரே?"

"ஆமா! எல்லாரும் நெஞ்சுல கை வெச்சு ஒத்துக்கிட்டாங்க."

"அப்போ ஒரு போன்லயும் ஆடு இருக்கக் கூடாது. நாம அந்த விவாதத்துல ஒரு பதில் போடுவோம். எந்தப் போன் மேய்ச்சலுக்கு வருதோ, அவன்தான் 4471."

யமிலா எழவில்லை. நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. அடுப்புச் சூட்டினால் வந்த வியர்வை இல்லை.

படியிறங்கும்போது பத்தாவது படியில் நின்றுவிட்டாள். "அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லலை."

ஒந்தினா ஒரு படி கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"என் போனும் கத்தும்."

வாஷிங்டன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். "கேஸ் முடிஞ்சுது. பதினெட்டு நிமிஷம். நம்ம சாதனை இதுதான், பாஸ்."

"நான் வரியை வெளியே விடலை! அதுக்குக் கீழே ஒரு பதில் போட்டேன். அவ்வளவுதான். மனசு கேட்கலை. மூணாவது வரி மின்வாரிய அறிவிப்பு மாதிரி இருக்குன்னு எழுதிட்டேன்."

"என்ன வரி?"

யமிலா மெதுவாகச் சொன்னாள். "'போகிறோம், போகிறோம், பெண்ணே கேள். எங்கள் பறை ஓய்ந்தாலும் உன் காதில் இருக்கும். ஜன்னல் விளக்கை அணைக்காதே, மின்சாரம் போனால் போகட்டும்.'"



"நீ நாகரிகமாத்தான் எழுதியிருக்கே" என்றான் வாஷிங்டன். "எந்தப் பேர்ல?"

"'உப்பில்லா ஃபைனா'" என்றாள் யமிலா.

"என்மேல தப்பு இல்லேன்னு நிரூபிக்கப் போய், என் போனே என்னைக் காட்டிக்கொடுத்துடும், அக்கா. மாமா என் குரலைக் குழந்தையிலேருந்து தேச்சுத் தேச்சு எடுத்தவரு. அவர் பாட்டைக் கேலி பண்ணினது நான்னு தெரிஞ்சா..."

ஒந்தினா அவள் முழங்கையைப் பிடித்தாள். "பயப்படக் கூடாதுன்னு நான் சொல்லலை. பயந்துக்கிட்டே வா. பஸ்ல அதுக்குத் தனி டிக்கெட் கிடையாது."

குழு ஒத்திகை பார்க்கும் இடம், பேட்டையில் ஆண்கள் இரும்புக் குண்டு உருட்டி விளையாடும் கிளப். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்தேகால். தகரக் கூரைக்குக் கீழே பதினைந்து பேர் பளபளவென்ற சட்டையில் அரைகுறையாகப் பொத்தான் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஒருவன் இறகுத் தொப்பியோடு சாண்ட்விச் தின்றான். பெரிய பறைக்காரன் வில்மார், பறையை மெத்தையாக்கிப் படுத்திருந்தான். யமிலா உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒருவரும் அவளுக்கு இடம் விடவில்லை.

மூலையில் எவரிஸ்தோ. வெள்ளை மீசை, தங்க ஜரிகைக் கோட்டு. முகத்தில் பூசும் குளிர்ந்த களிம்பைப் பஞ்சில் தொட்டு, தன் போன் கண்ணாடியை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"யார் இவங்க?"

"பஸ் கம்பெனி" என்றான் வாஷிங்டன், கண் இமைக்காமல். "ராத்திரி அஞ்சு மேடை, அஞ்சு பேட்டை. டிரைவர் புதுசு, வழி தெரியாது. யாருக்கு வேணும்னாலும் போன் பண்ணுவாரு. அதனால எல்லாரும் போன் சத்தத்தை முழுசா வையுங்க. எடுக்காதவரை அவர் ஏத்த மாட்டாரு."

மூர்காக்காரன் பெண்டாட்டியைக்கூட மறப்பான், பஸ்ஸைத் தவறவிடமாட்டான். பதினைந்து கைகள் பதினைந்து பைகளுக்குள் போயின. யமிலாவும் தன் போனை எடுத்து, தூக்குக் கயிற்றைத் தானே இழுப்பதுபோல, சத்தத்தை முழுதும் வைத்தாள். எவரிஸ்தோ மட்டும் அசையவில்லை. குழுவை நடத்துபவருக்கு டிரைவர் போன் பண்ணுகிற வழக்கம் கிடையாது.

வரும் வழியில் பஸ்ஸிலேயே மன்றத்தில் பெயர் பதிந்துவைத்திருந்த ஒந்தினா, கைப்பைக்குள் கை விட்டு இரண்டே சொல் அடித்தாள். 'நல்ல பாட்டு.'

"மேஏஏஏ!"

யமிலாவின் போன் கையில் இருந்தபடியே கத்தியது. அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்பின. எவரிஸ்தோவின் பஞ்சு நின்றது.

"நீயா?" அவர் குரல் கோபமாகக்கூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "நீயாடி, யமிலா?"

"மாமா, நான்..."

"மேஏஏஏ!"

இது வில்மாரின் பறைக்குள்ளிருந்து. அவன் பாய்ந்து பறைமேல் குப்புறப் படுத்தான். வயிற்றுக்குக் கீழே ஆடு இன்னொரு தடவை கத்தியது.

"மேஏஏ!" இறகுத் தொப்பிக்குள். "மேஏ!" கோட்டுப் பைக்குள். "மேஏஏஏ!" சாண்ட்விச் பொட்டலத்துக்குள். பத்து விநாடியில் கிளப் முழுக்க மந்தை. தெருவில் போன நாய் ஒன்று வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் குரைத்தது.

வாஷிங்டன் விரல் விட்டு எண்ணினான். "பதினாறு ஆடு, பாஸ். மேய்ப்பர் ஒருத்தர்தான் பாக்கி."

அதற்குள் மந்தைக்குள்ளேயே சண்டை மூண்டுவிட்டது.

"என் குரலைத் துருப்பிடிச்ச கதவுன்னு எழுதினது நீதானாடா, வில்மார்?"

"நீ மட்டும் என்ன? 'பறைக்காரன் பறையைத் தூக்கினாலே சாதனை'ன்னு எழுதினவன்தானே!"

"அதுக்கு முப்பது பேர் கைதட்டினாங்க!"

"நிறுத்துங்கடா!" எவரிஸ்தோவின் குரல் தகரத்தை அதிரவைத்தது. மீசை துடித்தது. "நெஞ்சுல கை வெச்சு ஒத்துக்கிட்டீங்களேடா! பதினாறு பேரும் எழுதியிருக்கீங்க! ஒருத்தனும் இன்னைக்கு மேடை ஏற வேண்டாம். பஸ்ஸைத் திருப்பி அனுப்புங்க. நான் தனியா நின்னு பாடறேன்!"

காலையில் யமிலாவின் மேடை மட்டும்தான் போவதாக இருந்தது. இப்போது அவளால் எல்லோருடைய மேடையும் போயிற்று. எல்லாம் அந்த ஆட்டை வைத்ததால்.

ஒந்தினா நிதானமாக முன்னால் வந்தாள். "நான் பஸ் கம்பெனி இல்லை, ஐயா. உங்க மருமக என்னைக் கூட்டிட்டு வந்தா. உங்க சத்தியம் பதில் எழுதினவங்க மேல இல்லை. வரியை வெளியே விட்டவன் மேல. அது இந்தப் பதினாறுல யாருன்னு இன்னும் தெரியலை."

"பதினேழுல ஒரே ஒரு யோக்கியன் இருக்கான், பார்த்துக்கங்க!" எவரிஸ்தோ தன் போனை உயர்த்திப் பிடித்தார். "நான் தினம் படிப்பேன். இந்த விவாதத்தை ஒரு நாளைக்கு நாற்பது தடவை படிச்சு வயிறெரிவேன். ஆனா இந்த விரல் அங்க ஒரு எழுத்து எழுதினதில்லை. என் போன் கத்திச்சா?"

"சத்தம் வெச்சிருக்கீங்களா?"

"என் போன் எப்பவும் ஊமைதான். பாட்டு எழுதறவனுக்குச் சத்தம் ஆகாது. வேணும்னா பாருங்க, மறைக்க என்கிட்ட ஒண்ணுமில்லை. இந்தக் கறையைத் தவிர!"

ஒந்தினா வாங்கிப் பார்த்தாள். வாஷிங்டன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள்.

"என்ன கறை, ஐயா?"

"பச்சைப் பெயிண்ட். முகத்துக்குப் பூசறது. எட்டு நாளாத் தேய்க்கறேன். எச்சில், சாராயம், களிம்பு, எலுமிச்சம்பழம். போக மாட்டேங்குது. அதுவும் எங்க ஒட்டியிருக்கு பாருங்க, அந்த நாசமாப்போன விவாதத்துக்குப் பக்கத்துலயே!"

யமிலாவும் எட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம் விரலால மேலே தள்ளுங்க" என்றாள் ஒந்தினா.

எவரிஸ்தோ தள்ளினார். விவாதங்களின் பட்டியல் மேலே நகர்ந்தது. பச்சையும் கூடவே நகர்ந்தது.

"இப்போ கீழே."

பச்சை கீழே வந்தது.

"நல்ல பெயிண்ட்" என்றார் எவரிஸ்தோ மரியாதையாக. "ஒட்டின இடத்தை விடாம கூடவே வருது."

யாரும் சிரிக்கவில்லை. பதினாறு பேருக்கும் அந்தப் புள்ளி என்னவென்று தெரியும். ஒவ்வொருவன் போனிலும் ஒன்று இருந்தது. வில்மார் வாயைப் பொத்திக்கொண்டான்.

யமிலாதான் பேசினாள். குரல் கிசுகிசுப்பாக வந்தது. "மாமா, எட்டு நாளைக்கு முன்னாடி, ஒத்திகையில, மன்றத்துல எதையாவது தேடினீங்களா?"

"தேடினேன். அதுக்கென்ன? புதுப் பாட்டு எழுதினா ஒவ்வொரு வருஷமும் தேடுவேன். அதே வரியை வேற எவனாவது முன்னாடியே பாடியிருந்தா சந்தி சிரிச்சுடுமே. முன்னெல்லாம் பழைய ஆளுங்ககிட்டே கேட்பேன். இப்போ மன்றத்துல கேட்டேன்."

"எந்தப் பெட்டியில எழுதினீங்க?"

"மேலே பெரிசா ஒண்ணு இருக்கே, அதுலதான். மூணு வரியையும் போட்டு அமுக்கினேன். ஒண்ணுமே வரலை. சுத்தமா ஒண்ணும் இல்லை. அப்பவே தெரிஞ்சுது, புத்தம்புது வரிதான்னு. சந்தோஷமா வீட்டுக்குப் போனேன்." அவர் எல்லோரையும் பெருமையோடு பார்த்தார். "மறுநாள் காலையில பார்த்தா, எந்தத் திருட்டுப் பயலோ அதை அப்படியே எடுத்து..."

அங்கே நின்றது வாக்கியம்.

பெரிய பெட்டி தேடும் பெட்டி இல்லை என்பதும், அது புது விவாதம் தொடங்கும் பெட்டி என்பதும் அவர் முகத்தில் மீசையிலிருந்து நெற்றிவரை மெதுவாக ஏறுவதை எல்லோரும் பார்த்தார்கள்.

"4471" என்றான் வாஷிங்டன் மென்மையாக. "உங்களைச் சந்திச்சதுல சந்தோஷம்."

எவரிஸ்தோ நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி அங்கே இல்லை. வில்மார் சரியான நேரத்தில் பறையை நகர்த்தினான்.

பறைமேல் உட்கார்ந்தபடி அவர் போனை மூக்கருகே வைத்துக்கொண்டு, திருடனைத் தேடாமல், முதல் தடவையாக, எழுதியிருப்பதைப் படித்தார். இருநூற்றுச் சொச்சம் பதில்கள். ஐந்தரை மணி ஐந்தே முக்கால் ஆயிற்று.

"இருபத்திரண்டு வருஷமா 'பிரமாதம், மாமா'ன்னீங்களே" என்றார் கடைசியில். "இங்க ஒருத்தன்கூடப் பிரமாதம்னு எழுதலையே."

அவர் விரல் ஒரு பதிலில் நின்றது.

"இது யாரு, 'உப்பில்லா ஃபைனா'?"

ஒந்தினா கூரையைப் பார்த்தாள். வாஷிங்டன் தன் செருப்பைப் பார்த்தான். அவர்களைத் தவிர அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வெள்ளை பூசிவிடுவார்கள், பஸ் ஏறிவிடலாம். யமிலாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் அவள் கை மேலே போயிற்று.

"மின்வாரியம்னு எழுதினது நீயா?"

"ஆமா, மாமா."

"அதுக்குக் கீழே இன்னொரு வரியும் எழுதியிருக்கே." அவர் போனைத் தள்ளிப் பிடித்து வாசித்தார். "'ஜன்னல் விளக்கை அணைக்காதே, நான் தெருமுனை தாண்டும்வரை.'"

இறகுத் தொப்பிக்காரன் சாண்ட்விச்சை மெல்வதை நிறுத்தினான்.

"இதை ஏன் என் முகத்துக்கு நேரா சொல்லலை?"

"பயம்."

"எதுக்குப் பயம்?"

"உங்களுக்கு அழுகை வந்துடும்னு."

எவரிஸ்தோ எழுந்தார். கோட்டைக் கழற்றினார். தங்க ஜரிகை ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு தடவை மின்னியது.

"பதினாறு பேரும் பூசிக்கங்க. மூணாவது வரியை மாத்திக்கங்க. நான் சத்தியம் பண்ணிட்டேன். எங்கம்மா மேல. வரியை விட்டவன் மேடை ஏற மாட்டான்."

"நீங்க கையசைக்காம நாங்க எப்படித் தொடங்கறது?" என்று அலறினான் வில்மார். "எனக்கு எண்ணவே தெரியாது!"

"அதையும் மன்றத்துல எழுதியிருக்காங்கடா" என்றார் எவரிஸ்தோ.

ஏழரை மணிக்கும் கோடை வெயில் இன்னும் தணியவில்லை. பலகை மேடைக்கு எதிரே பேட்டை முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. யமிலா வரிசையில் நான்காவதாக நின்றாள். முகத்தில் வெள்ளை இறுகியது. சிரிப்புப் பாட்டெல்லாம் தட்டுத்தடுமாறி முடிந்தன. விடைபெறும் பாட்டு வந்தது. அவளுக்கு எதிரே, கையசைத்து நடத்துபவர் நிற்கவேண்டிய இடம் காலி.

அப்போது முன்வரிசையில் வெள்ளை மீசைக்காரர் ஒருவர் எழுந்து மேடையை ஒட்டித் தரையில் வந்து நின்றார். பின்னால் இருந்தவர்கள் "உட்காருய்யா, மறைக்குது!" என்று கத்தினார்கள். அவர் உட்காரவில்லை. ஆள் குள்ளம், மேடை உயரம். பலகை விளிம்புக்கு மேலே, சட்டைக் கையை மடித்துவிட்ட இரண்டு கைகள் மட்டும் எழுந்தன.

யமிலா மூச்சை நிரப்பிக்கொண்டாள்.

கைகள் இறங்கின.